பிப் ஏன் நம்மளைத் திட்டுது? ஒரு லைப்ரரி டெபியனுக்குள்ள போற பாதை

டெபியன் 12-லயோ, புது உபுண்டுலயோ பிப் இன்ஸ்டால்னு அடிச்சுப் பார்த்தவங்களுக்கு அந்தச் சிவப்பு எழுத்து பழக்கமா இருக்கும்: "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்". உங்க பைத்தானை வேற ஒருத்தர் பார்த்துக்கிறார், நீங்க உள்ள கை வைக்காதீங்கன்னு அர்த்தம். நம்மில் பாதிப் பேர் அடுத்த நிமிஷமே நெட்ல தேடுவோம். முதல் பதிலிலேயே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்கிற ஆப்ஷன் கிடைக்கும். அதைக் கடைசியில் சேர்த்து அடிச்சா இன்ஸ்டால் ஆயிடும், வேலை முடிஞ்சது.

அந்த ஆப்ஷனோட பெயரை ஒரு தடவை நிதானமா படிச்சுப் பாருங்க. சிஸ்டம் பேக்கேஜ்களை உடை! இதைவிட வெளிப்படையா யாரும் எச்சரிக்க முடியாது. ஆனாலும் நாம சந்தோஷமா அடிக்கிறோம்.

(இந்தக் கட்டுரையில் கட்டளைகள், பேக்கேஜ் பெயர்கள் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கும். டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. இல்லன்னா அதுவும் திட்டும்.)

அந்த "வேற ஒருத்தர்" யாருன்னு தேடிப் போனதில் கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை. முதல்ல தொழில்நுட்ப பதில். பைத்தான் சமூகம் பெப் 668 என்று ஒரு விதி எழுதிச்சு. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட பைத்தான் ஃபோல்டருக்குள்ள "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்" என்ற பெயரில் ஒரு குட்டி ஃபைல் இருந்தா, பிப் அங்கே எதையும் எழுதாம நின்னுடணும். அவ்வளவுதான் விதி. உபுண்டு 23.04-லும், 2023 ஜூன் 10-ல் வந்த டெபியன் 12-லும் அந்த ஃபைலை வெச்சாங்க. அதுக்கு முன்னாடி பிப் யாரையும் கேட்காம உள்ள போய்க்கிட்டு இருந்தது.

உள்ள போனா என்ன ஆகும்? உபுண்டுல பைத்தான் நாம புரோகிராம் எழுதுறதுக்கு மட்டும் இல்லை. சிஸ்டமே அதை நம்பித்தான் ஓடுது. அப்டேட் இருக்குன்னு சொல்ற மென்பொருள், கட்டளை கிடைக்கலன்னா "இதை இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க"ன்னு சொல்றது, இப்படிப் பல விஷயங்கள் பைத்தான் ஸ்கிரிப்ட்தான். ஒரு லேப்ல (எந்த லேப்னு கேட்காதீங்க) பைத்தான் 3 என்ற பெயர் புது வெர்ஷனைக் காட்டுற மாதிரி யாரோ மாத்திட்டாங்க. அடுத்த நாள் அந்த மெஷினில் டெர்மினல் ஐகானைக் க்ளிக் பண்ணினா எதுவுமே திறக்கலை. உபுண்டுவோட க்னோம் டெர்மினலைத் தொடங்கி வைக்கிறதே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான். புது வெர்ஷனில் அதுக்குத் தேவையான மாட்யூல் இல்லை. டெர்மினலைச் சரி பண்ண டெர்மினல் வேணும், அந்த டெர்மினலே வரலை. கடைசியில் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 போட்டு கருப்புத் திரையில் உட்கார்ந்து சரி பண்ணினாங்க. இது எங்க ஊர்ல மட்டும் நடக்கிற கதை இல்லை. இதே அறிகுறியோட உலகம் பூரா ஆளுங்க கேள்வி கேட்டு வெச்சிருக்காங்க.

ரெண்டு சந்தைகள்

2020 மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்ல கொரோனா பரவினதால காய்கறி மொத்தச் சந்தையை எங்க திருமழிசைக்கு மாத்தினாங்க. சில மாசத்துக்கு சென்னைக்கே காய்கறி இங்கேயிருந்துதான் போச்சு. சந்தை என்பது கட்டடம் இல்லை, நடுவில் நின்னு வாங்கி, பார்த்து, பிரிச்சு, அனுப்புற ஆட்கள்தான்னு அப்பதான் எங்க தெருவுக்கே புரிஞ்சது.

டெபியன், உபுண்டு, ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரிப்யூஷன்கள் அந்த மொத்தச் சந்தை. எழுதினவர், அதாவது அப்ஸ்ட்ரீம், விவசாயி. அவர் வெளியிடுற சோர்ஸ் கோடை ஒருத்தர் எடுத்து, லைசென்ஸ் பார்த்து, கம்பைல் பண்ணி, டெஸ்ட் ஓட்டி, மத்த ஆயிரக்கணக்கான மென்பொருட்களோட சண்டை போடாம இருக்கான்னு பார்த்து, ஒரு டெப் ஃபைலா கட்டித் தர்றார். அவர்தான் மெயின்டெய்னர். நாம ஆப்ட் இன்ஸ்டால் அடிக்கும்போது வர்றது அவர் கட்டின மூட்டை.

பிப், என்பிஎம், ரூபிஜெம்ஸ், கார்கோ எல்லாம் இன்னொரு வகை. விவசாயி நேரா உங்க வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்துறார். விலை கம்மி, சரக்கு புதுசு, காலையில் பறிச்சது மத்தியானம் கையில். ஆனா நடுவில் யாரும் பார்க்கலை. பைபிஐ-ல் யார் வேணும்னாலும் கணக்கு ஆரம்பிச்சு எதை வேணும்னாலும் ஏத்தலாம்.

உவமை இதோட போதும். ஏன்னா முக்கியமான ஒரு வித்தியாசத்தை அது மறைக்குது. தக்காளிக்கு டிபென்டென்சி கிடையாது, லைப்ரரிக்கு உண்டு. ஒண்ணு வேணும்னா பத்து வேணும், அந்தப் பத்துக்கு நூறு வேணும். கிரியேட் ரியாக்ட் ஆப் ஓட்டிப் பார்த்தவங்க நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்க. நாம எழுதினது ரெண்டு ஃபைல், உள்ள ஆயிரத்துக்கும் மேல பேக்கேஜ்.

அதில் ஒண்ணு காணாமப் போனா என்ன ஆகும்னு 2016 மார்ச்சில் உலகமே பார்த்தது. அசெர் கோச்சுலு என்ற டெவலப்பருக்கும் கிக் என்ற மெசேஜிங் கம்பெனிக்கும் ஒரு பேக்கேஜ் பெயர் யாருக்குன்னு தகராறு. என்பிஎம் நிர்வாகம் பெயரைக் கம்பெனிக்குக் கொடுத்தது. கோபத்தில் அவர் தன்னோட எல்லா மாட்யூல்களையும் எடுத்துட்டார். அதில் லெஃப்ட்-பேட் என்று ஒண்ணு. ஒரு எழுத்துத்தொடருக்கு இடது பக்கம் இடைவெளி நிரப்புற 11 வரி கோடு. நம்ம முதல் செமஸ்டர் சி லேப்ல கேட்கிற கேள்வி. ஆனா பேபல் அதை மறைமுகமா நம்பியிருந்தது, பேபலை உலகத்தில் பாதி வெப்சைட் நம்பியிருந்தது. எங்கெங்கேயோ பில்ட் எல்லாம் படுத்துடுச்சு. சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்ப வெச்சது.

டெபியன்ல இது இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. எழுதினவர் எடுத்துட்டாலும் சோர்ஸ் கோடோட ஒரு பிரதி டெபியனோட ஆர்கைவிலேயே இருக்கும். பில்ட் நடக்கும்போது இன்டர்நெட்டைத் தொடவே கூடாது என்பது அங்கே விதி. தேவையான எல்லாமே ஏற்கனவே டெபியனுக்குள்ள பேக்கேஜா இருக்கணும். கேட்கும்போது சாதாரண விதியாத் தெரியும். நடைமுறையில் இதுதான் எல்லாத் தலைவலிக்கும் வேர்.

கிட்லேபும் சில நூறு ஜெம்களும்

அந்தத் தலைவலியைப் புரிஞ்சுக்க நம்ம பக்கத்து மாநிலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. கேரளத்தைச் சேர்ந்த டெபியன் டெவலப்பர் பிரவீன் அரிம்ப்ரதொடியில், "பைரேட் பிரவீன்" என்ற பெயரில் தெரிஞ்சவர். 2010-களின் நடுவில் அவரும் கூட்டாளிகளும் கிட்லேப் மென்பொருளை டெபியனுக்குள்ள கொண்டுவர இறங்கினாங்க. ஆப்ட் இன்ஸ்டால் கிட்லேப்னு அடிச்சா உங்க சொந்த சர்வர்ல கிட்லேப் ஓடணும். அதுதான் இலக்கு.

கிட்லேப் ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதினது. அதோட ஜெம்ஃபைலில் நூற்றுக்கணக்கான ஜெம்கள். ஒவ்வொண்ணும் டெபியனில் தனி பேக்கேஜா இருக்கணும். இல்லாததை ஒவ்வொண்ணா பேக்கேஜ் பண்ணணும். பண்ணப் போனா அதுக்குள்ள இன்னும் மூணு புது ஜெம் தலைகாட்டும். ரூபி பக்கம் ஓரளவு முடிஞ்சா ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஆரம்பிக்கும். இங்கே பிரச்சினை வேற மாதிரி. டெபியனோட கொள்கைப்படி ஒவ்வொரு ஃபைலுக்கும் உண்மையான சோர்ஸ் வேணும். மினிஃபை பண்ணின, எல்லாம் ஒரே வரியில் பிசைஞ்ச ஜேஎஸ் ஃபைலை சோர்ஸ்னு ஏத்துக்க மாட்டாங்க. அதை உருவாக்கின கருவியும் டெபியனிலேயே இருக்கணும். அப்போ கிரன்ட், கல்ப், பிரவுசரிஃபை, வெப்பேக் எல்லாத்தையும் முதல்ல பேக்கேஜ் பண்ணணும். வெப்பேக்குக்கு எத்தனை டிபென்டென்சின்னு உங்களுக்கே தெரியும். இந்தக் கருவிகளுக்காகப் பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டி வேலை பார்த்தாங்க. கல்லூரிகளில் பேக்கேஜிங் பயிலரங்கு நடத்தி மாணவர்களையும் இதில் இழுத்தாங்க. ஒரு சின்ன நோட் மாட்யூல்தான் பலருக்கு முதல் பாடம்.

இன்னொரு முட்டுக்கட்டை வெர்ஷன். ரூபியில் ஜெம்ஃபைல் லாக் என்று ஒரு ஃபைல் இருக்கு. இந்த ஜெம் சரியா இந்த வெர்ஷன்தான்னு பூட்டு போடும். ஆனா டெபியனில் பொதுவா ஒரு லைப்ரரிக்கு ஒரே ஒரு வெர்ஷன்தான். கிட்லேப் ஒரு வெர்ஷன் கேட்கும், டயஸ்போரா வேற வெர்ஷன் கேட்கும், இருக்கிறது ஒண்ணு. அப்போ மெயின்டெய்னர் உள்ள போய்ப் பார்த்து, "இந்தப் பூட்டு உண்மையிலேயே தேவையா, இல்லை சும்மா பயத்தில் போட்டதா?"ன்னு கண்டுபிடிச்சு பேட்ச் போடணும். ரெயில்ஸே ஒரு பெரிய வெர்ஷன் மாறினா அதை நம்பியிருக்கிற எல்லாமே சேர்ந்து மாறணும். ஒண்ணு பின்தங்கினாலும் மத்ததெல்லாம் காத்திருக்கணும். கல்யாண பஸ்ல ஒரு சித்தப்பா வரலன்னா எல்லாரும் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

என்பிஎம் இதை வேற வழியில் தீர்க்குது. யாருக்கு எந்த வெர்ஷன் வேணுமோ அவரவர் ஃபோல்டருக்குள்ள ஒரு பிரதி. டிஸ்க்தானே போகுது! கோ, ரஸ்ட் மொழிகளில் எல்லாத்தையும் ஒரே பைனரிக்குள்ள சேர்த்துக் கட்டிடுவாங்க. டெபியனில் ரஸ்ட் லைப்ரரி பேக்கேஜ்கள் வெறும் சோர்ஸ் கோடு மட்டும்தான் சுமக்கும். லைப்ரரியில் ஓட்டை அடைச்சா அதை உள்ள வெச்சுக் கட்டின ஒவ்வொரு புரோகிராமையும் மறுபடி பில்ட் பண்ணணும்.

சரி, கிட்லேப் உள்ள வந்துச்சா? வந்துச்சு. ஆனா தங்கலை. கிட்லேப் மாசத்துக்கு ஒரு பதிப்பு விடுது, பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் சில மாசம்தான். டெபியன் ஸ்டேபிள் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை. இந்த வேகத்துக்கும் அந்த வேகத்துக்கும் ஒத்துப்போகாது. அதனால இந்த மாதிரி வேகமா மாறுற மென்பொருட்களுக்காக ஃபாஸ்ட்டிராக் என்று ஒரு தனி ரெப்போ உருவாச்சு. இதைத் தோல்வின்னு சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோணலை. அந்த வேலைக்காகப் பேக்கேஜ் ஆன நூற்றுக்கணக்கான ரூபி, நோட் லைப்ரரிகளை இன்னைக்கு வேற யார் யாரோ பயன்படுத்துறாங்க. மலை ஏறலன்னாலும் பாதை போட்டாச்சு.

ஒரு தமிழ் லைப்ரரியை வெச்சுப் பார்ப்போம்

பொதுவாப் பேசினா தலையில் நிக்காது. ஓப்பன்-தமிழ் என்று ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு. முத்து அண்ணாமலை தொடங்கினது, எம்ஐடி லைசென்ஸ். அது ஏன் வேணும்? பைத்தானில் "தமிழ்" என்ற சொல்லோட நீளம் கேளுங்க. 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறிகளை எண்ணும். நமக்கு அது மூணு எழுத்து: த, மி, ழ். இந்த லைப்ரரி மூணுன்னு சரியாப் பிரிச்சுத் தரும். தமிழ்ல சொல் விளையாட்டு, எழுத்துப்பிழை திருத்தி எது எழுதினாலும் இந்த இடத்தில் முட்டிக்குவோம்.

இந்த மாதிரி ஒரு லைப்ரரியை டெபியனுக்குள்ள கொண்டு போறதுன்னா என்ன செய்யணும்? முதல் வேலை, ஏற்கனவே யாராவது பண்ணியிருக்காங்களா, பண்ணிக்கிட்டு இருக்காங்களான்னு தேடுறது. இல்லன்னா ஐடிபி என்று ஒரு பக் ரிப்போர்ட் போடணும். "இதை நான் பேக்கேஜ் பண்ணப் போறேன்" என்ற அறிவிப்பு. பஸ்ல கர்ச்சீஃப் போட்டு சீட் பிடிக்கிற அதே முறை.

அடுத்து பெயர். பைபிஐ பெயரும் இம்போர்ட் பெயரும் பல நேரம் வேற வேற. டெபியன் இம்போர்ட் பெயரைத்தான் எடுத்துக்கும். பைபிஐ-ல் பியூட்டிஃபுல்சூப்4, டெபியனில் பைத்தான்3-பிஎஸ்4. பில்லோ இங்கே பைத்தான்3-பிஐஎல். சைகிட்-லேர்ன் இங்கே பைத்தான்3-எஸ்கேலேர்ன். "ஆப்ட்ல தேடினேன், கிடைக்கலை"ன்னு சொல்ற பாதிப் பேர் தப்பான பெயரில் தேடினவங்க. இந்த விதிக்குக் காரணம் இருக்கு. ரெண்டு பேக்கேஜ் ஒரே பெயர்ல ஒரே இடத்தில் ஃபைல் வெச்சா டிபிகேஜி ரெண்டாவதை உள்ளேயே விடாது. பிப் அப்படிக் கவலைப்படாது, பழசு மேல புதுசை எழுதிட்டுப் போயிடும்.

அப்புறம் சோர்ஸுக்குள்ள டெபியன் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர். அதில் கன்ட்ரோல் என்ற ஃபைலில் பெயர், விளக்கம், எதெல்லாம் வேணும் என்ற பட்டியல். ரூல்ஸ் என்ற ஃபைல் ஒரு மேக்ஃபைல். நல்ல லைப்ரரின்னா அதில் ஒரு சில வரிதான் இருக்கும், மத்ததை பைபில்ட் என்ற கருவி பார்த்துக்கும். சேஞ்ச்லாகில் என்ன மாறிச்சு, யார் மாத்தினாங்க. இதையெல்லாம் ஓரளவு தானாவே எழுதித் தரவும் கருவிகள் இருக்கு: ரூபிக்கு ஜெம்2டெப், நோடுக்கு என்பிஎம்2டெப், ரஸ்டுக்கு டெப்கார்கோ. தானா வர்றது முக்கால்வாசி சரியா இருக்கும். மிச்சக் கால்வாசிதான் வேலை.

எனக்குப் பிடிச்ச இடம் வெர்ஷன் எண். 1.10 பெருசா, 1.9 பெருசா? கணக்கு வாத்தியார் 1.9 என்பார். டிபிகேஜி 1.10 என்று சொல்லும், ஏன்னா புள்ளியில் பிரிச்சு ஒவ்வொரு எண்ணாப் பார்க்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்சது. இப்போ அப்ஸ்ட்ரீம் 2.0 விடுறதுக்கு முன்னாடி சோதனைக்காக 2.0ஆர்சி1 விடுறார்னு வைங்க. நீங்க அதையே பேக்கேஜ் வெர்ஷனா போட்டுட்டா, அடுத்த மாசம் உண்மையான 2.0 வரும்போது டிபிகேஜி அதைச் சின்னதுன்னு நினைக்கும், ஏன்னா 2.0-க்குப் பின்னாடி எதுவோ ஒட்டியிருந்தா அது பெருசு. யாருக்கும் அப்டேட் போகாது. இதுக்காகவே டில்டா என்ற அலைக்குறிக்கு ஒரு விசேஷ அர்த்தம் வெச்சிருக்காங்க. அது ஒண்ணுமில்லாததைவிடவும் சின்னது. 2.0~ஆர்சி1 என்று எழுதினா அது 2.0-க்கு முன்னாடி வரிசையில் நிக்கும். கீபோர்டில் எஸ்கேப்புக்குக் கீழே சும்மா கிடக்கிற ஒரு குறிக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு.

இதைவிட மோசம், சில அப்ஸ்ட்ரீம்கள் 2019.1 என்று வருஷத்தில் எண் வெச்சுட்டு, திடீர்னு மனசு மாறி 1.0 என்று ஆரம்பிப்பாங்க. அப்போ முன்னாடி "1:" என்று இபாக் சேர்க்கணும். ஒரு தடவை சேர்த்தா ஆயுசுக்கும் எடுக்க முடியாது.

லைசென்ஸ் பகுதி அலுப்பானது, ஆனா தப்பிக்க முடியாது. காப்பிரைட் ஃபைலில் ஒவ்வொரு ஃபைலும் யாரோடது, எந்த லைசென்ஸ்னு எழுதணும். லைப்ரரிக்குள்ள ஒரு அகராதிப் பட்டியலோ, ஒரு ஃபான்ட்டோ, எங்கிருந்தோ எடுத்த உரைத்தொகுப்போ இருந்தா அதுக்கும் தனியா விடை வேணும். நம்ம தமிழ் ப்ராஜெக்ட்டுகள் பல இங்கேதான் மாட்டும்னு நினைக்கிறேன். கோடுக்கு லைசென்ஸ் போடுவோம், உள்ள வெச்ச சொற்பட்டியல் யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. புது பேக்கேஜ் எல்லாம் நியூ என்ற வரிசையில் காத்திருக்கும். அதுக்கான குழு ஒவ்வொண்ணையும் திறந்து பார்த்துத்தான் விடும். சில நாளும் ஆகலாம், சில மாசமும் ஆகலாம்.

புதுசா வர்றவங்களுக்கு நேரா அப்லோட் பண்ண உரிமை கிடையாது. நீங்க கட்டினதை ஒரு டெபியன் டெவலப்பர் சரிபார்த்து தன் கையெழுத்தில் ஏத்தணும். அவரை ஸ்பான்சர்னு சொல்வாங்க. லின்டியன் என்ற கருவி உங்க பேக்கேஜில் சின்னத் தப்பையும் பட்டியல் போடும். ஸ்பான்சர் அதுக்கு மேல பட்டியல் போடுவார். உள்ள போனதும் முதலில் அன்ஸ்டேபிள், சில நாள் பெரிய பிரச்சினை வரலன்னா டெஸ்டிங், கடைசியில் ஸ்டேபிள்.

அங்கேயிருந்து உபுண்டு, மின்ட் எல்லாத்துக்கும் தானா வழிஞ்சு போகும். நம்ம ஊர் பாஸ் லினக்ஸுக்கும்தான். சென்னை சி-டாக் உருவாக்கின பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் டெபியனை அடிப்படையாக் கொண்டது, முதல் பதிப்பு 2007-ல் வந்தது. 2011 செப்டம்பரில் எங்க திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோட பாஸும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கா? உங்க அண்ணனோ அக்காவோ வாங்கியிருப்பாங்க. பெரும்பாலும் பாஸை அழிச்சுட்டு கேம் போட்டிருப்பாங்க. ஆனா யாரோ ஒருத்தர் டெபியனில் சேர்த்த தமிழ் ஃபான்ட்டும் கீபோர்ட் லைப்ரரியும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைங்க கை வரைக்கும் போக ஒரு வழி அப்போ இருந்தது. ஒரு இடத்தில் சேர்த்தா எவ்வளவு தூரம் போகும் என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

நடுவில் ஆள் இருந்தா பாதுகாப்பா?

பெரும்பாலும் ஆமா. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்-ல் ஹார்ட்பிளீட் ஓட்டை தெரிஞ்சப்போ, டெபியன் சர்வர் வெச்சிருந்தவங்க ஒரு பேக்கேஜை அப்டேட் பண்ணி சர்வீஸ்களை ரீஸ்டார்ட் பண்ணினா, அதைப் பகிர்ந்துக்கிற எல்லா புரோகிராம்லயும் ஓட்டை அடைஞ்சது. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வந்தப்போ கதை வேற. அந்த ஜாவா லைப்ரரி எந்தெந்த ஜார் ஃபைலுக்குள்ள, அதுக்குள்ள இருக்கிற எந்த ஜாருக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு கம்பெனிகள் வாரக்கணக்கில் தேடினாங்க. டெபியன் ஏன் ஒரே பிரதின்னு அடம் பிடிக்குதுன்னு அப்போ புரியும்.

ஆனா 2024 மார்ச் 29-ஐ மறைச்சுட்டு இதைச் சொன்னா நேர்மையா இருக்காது. எக்ஸ்இசட் என்பது ஃபைலைச் சுருக்குற ஒரு லைப்ரரி, எல்லா லினக்ஸ்லயும் இருக்கும். அதைப் பல வருஷமா தனியாளா, சம்பளம் இல்லாம பார்த்துக்கிட்டு இருந்தவர் லாசி காலின். ஜியா டான் என்ற பெயரில் ஒருத்தர் உதவிக்கு வந்தார். ரெண்டு வருஷத்துக்கும் மேல ஒழுங்கா வேலை பார்த்து நம்பிக்கை சம்பாதிச்சார். அப்புறம் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசலை வெச்சார். கிட் ரெப்போவில் பார்த்தா முழுசாத் தெரியாது. வெளியிட்ட டார் ஃபைலில் மட்டும் அதைத் தூண்டிவிடுற ஸ்கிரிப்ட் இருந்தது. அதுவும் டெப் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜா கட்டும்போதுதான் கண் விழிக்கும். அதாவது குறி வெச்சதே மெயின்டெய்னர்களைத்தான். இன்னொரு உறுத்தல்: ஓப்பன்எஸ்எஸ்எச் நேரடியா எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துறதே இல்லை. சிஸ்டம்டி-யோட இணைக்கிறதுக்காக டிஸ்ட்ரோக்கள் தாங்களே போட்ட பேட்ச் வழியாத்தான் அது உள்ள வந்தது.

கண்டுபிடிச்சவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட், போஸ்ட்கிரெஸ் டெவலப்பர். டெபியன் அன்ஸ்டேபிள் மெஷினில் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை செகண்ட் அதிகம் எடுக்குதேன்னு தோண்டினார். நம்ம லேப்ல அரை செகண்ட் தாமதம்னா கொண்டாடுவோம். அவர் தோண்டினதால அது ஸ்டேபிளுக்குள்ள போகவே இல்லை. அன்ஸ்டேபிள், டெஸ்டிங்னு வடிகட்டி வடிகட்டி விடுற அந்த மெதுவான முறை அன்னைக்குக் காப்பாத்தியது. கூடவே அதிர்ஷ்டமும்.

சரி, நாம என்ன பண்றது?

ப்ராஜெக்ட்டுக்கு வென்வ். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி ஃபோல்டர், அதுக்குள்ள பிப் என்ன வேணும்னாலும் பண்ணட்டும், உடைஞ்சா ஃபோல்டரை அழிச்சா போதும். டெபியன், உபுண்டுல பைத்தான்3-வென்வ் என்ற பேக்கேஜைத் தனியா இன்ஸ்டால் பண்ணணும், மறந்துடாதீங்க. கட்டளையா ஓடுற பைத்தான் கருவி ஏதாவது வேணும்னா பிப்எக்ஸ். மெஷின் முழுக்க எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்னா ஆப்ட். ஆப்ட்ல கிடைக்கிறது பழசா இருக்குன்னு கோபம் வரும், எனக்கும் வரும். ஆனா நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் வெச்சு லேப் ரெக்கார்ட் எழுதறதுக்கு போன வருஷ வெர்ஷன் தாராளமாப் போதும்.

லேப் நடத்துறவங்களுக்கு ஒரு கணக்கு. 60 மெஷின், ஒவ்வொருத்தரும் 500 எம்பி டவுன்லோட் பண்ணினா 30 ஜிபி. பிராக்டிகல் நாள் காலையில் இது நடந்தா நெட் என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்று ஒரு பேக்கேஜ் இருக்கு. ஒரு பழைய மெஷினில் அதைப் போட்டு மத்த மெஷின்களை அதைக் காட்டச் சொன்னா, முதல் மெஷின் இறக்கினதை மிச்ச 59-ம் லேனுக்குள்ளேயே எடுத்துக்கும். பெரிய சர்வர் எல்லாம் தேவையில்லை.

கடைசியா ஆட்கள் பத்தி. டெபியன் 12-ல் 64,419 பேக்கேஜ். 2025 ஆகஸ்ட் 9-ல் வந்த டெபியன் 13-ல் 69,830. இதைப் பார்த்துக்கிறவங்க பெரும்பாலும் தன்னார்வலர்கள். வேலை மாறினா, குழந்தை பிறந்தா, சலிச்சுப் போனா விட்டுட்டுப் போவாங்க. அப்போ அந்த பேக்கேஜ் ஆர்ஃபன், அனாதை. யாரும் எடுக்கலன்னா ஒருநாள் நீக்கிடுவாங்க. எக்ஸ்இசட் கதை தொடங்கினதே தனியா நின்ன ஒருத்தரோட களைப்பில்தான்.

இதெல்லாம் எங்கேயோ ஜெர்மனியில் நடக்கிறதுன்னு நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி 28, 29-ல் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் நடந்தது, விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுவோட முயற்சியில். அதே வருஷம் செப்டம்பரில் டெபியனோட உலக மாநாடு முதல் முறையா இந்தியாவில், கொச்சியில். சென்னையில் ஐலக்சி, காஞ்சியில் காஞ்சிலக் இருக்கு. அங்கே போய் "பேக்கேஜிங் கத்துக்கணும்"னு சொன்னா உட்கார வெச்சு சொல்லித் தருவாங்க. மினி ப்ராஜெக்ட்டுக்கு நாலாவது தடவையா லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் பண்றதுக்கு பதிலா ஒரு தமிழ் லைப்ரரியை மேனேஜ் பண்ணலாம். வைவாவில் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும், வெப்ல பேக்கேஜ் பெயருக்குப் பக்கத்தில் உங்க பெயரும் இருக்கும். கேம்பஸ் இன்டர்வியூவில் எவ்வளவு மதிப்புன்னு தெரியலை, ஆனா கேட்கிறவர் லினக்ஸ் ஆளா இருந்தா பேச்சு அங்கேயே நிக்கும்.

எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா, டெபியன் மெஷினில் ஆப்ட் வழியா "ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்" என்ற பேக்கேஜைப் போடுங்க. உங்க மெஷினில் ஏற்கனவே இன்ஸ்டால் ஆகியிருக்கிற மென்பொருட்களில் எதெல்லாம் அனாதையா நிக்குது, எதுக்கு ஆள் கேட்கிறாங்க, எதில் புதுசா வர்றவங்களுக்கு ஏத்த பக் இருக்குன்னு பட்டியல் போடும். நீங்க தினமும் திறக்கிற ஏதாவது ஒண்ணு அந்தப் பட்டியலில் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.